தாலிக்கொடியும் லித்தியம் பற்றரியும்

பற்றரி வேலையில் பாதி கையால் செய்வது, மீதி வாயால் சொல்லிக் கொடுப்பது. கையில் பிழை வந்தால் எனக்குச் சுடும். சொல்லில் பிழை வந்தால் அடுத்தவர் வீடு எரியும். அதனால் இதை எழுத உட்கார்ந்து மூன்று நாளாகியும் முதல் வரியைத் தாண்டப் பயந்துகொண்டிருந்தேன். பதின்மூன்று வோல்ற் என்று எழுத வேண்டிய இடத்தில் கைதவறிப் பதினாறு என்று எழுதி, அதை யாராவது நம்பிச் சார்ஜரைக் கொழுவிவிட்டால் நான் என்ன செய்வேன்? நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டவள். இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்தபோது கூடப் படித்தவர்கள் மேல்வகுப்புக்குப் போயிருந்தார்கள். சின்னப் பிள்ளைகளோடு வகுப்பு வாங்கில் இருக்க வெட்கப்பட்டு நின்றுவிட்டேன். ஆகவே இலக்கங்களை என்னுடைய கொப்பியைப் பக்கத்தில் விரித்துவைத்துப் பார்த்தே எழுதுகிறேன். அப்படியும் பிழை இருந்தால் பற்றரியில் ஒட்டியிருப்பதை நம்புங்கள், என்னை நம்ப வேண்டாம்.

காலையில் வேலைக்கு வெளிக்கிட்டு, படலைக்கு வெளியே மோட்டார் சைக்கிளை நிறுத்திப் பொத்தானை அமத்தினால், ‘டிக்’ என்று ஒரு சத்தம் மட்டும் வந்து பிறகு ஒன்றுமே இல்லாமல் போயிருக்கிறதா உங்களுக்கு? பக்கத்து வீட்டுக்காரர் மதிலுக்கு மேலால் எட்டி, “என்ன, ஸ்டார்ட் வராதோ?” என்று கேட்டிருக்கிறாரா? அப்படியென்றால் நீங்களும் நானும் ஒரே நோய்க்காரர்.

கொக்குவிலில் எங்கள் வளவின் முன்பக்கத்தில் என் கணவர் மோட்டார் சைக்கிள் கராஜ் வைத்திருக்கிறார். லித்தியம் பற்றரிகள் வரத் தொடங்கியபோது அதைப் பற்றி ஒருநாள் வகுப்பு வைத்தார்கள். இவருக்கு ஒரு மணித்தியாலம் கதிரையில் இருக்க ஏலாது. “நீ போ. காஸ் சிலிண்டரைப் பூட்டினதோ எண்டு மூண்டு தரம் போய்ப் பாக்கிறனி நீதானே. உன்ரை குணத்துக்கு எண்டே கண்டுபிடிச்ச சாமான் உது” என்றார். போனேன். பழைய ஈயப் பற்றரி ஒரு பிழையை, இரண்டு பிழையைப் பொறுத்துக்கொள்ளும். லித்தியம் பொறுக்காது. பயந்த ஆளுக்குத்தான் அது சரிவரும் என்று எனக்கு அங்கேயே விளங்கியது.

அந்த வகுப்பில் முதலில் சொன்னதே மோதிரம், காப்பு, சங்கிலி எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் பற்றரியைத் தொடுங்கள் என்பதுதான். காப்பைக் கழற்றினேன். மோதிரத்தைக் கழற்றினேன். தாலிக்கொடியை என்ன செய்வது? யாழ்ப்பாணத்துக் கொடி மெல்லிய சங்கிலி இல்லை, பொன்னால் திரித்த கயிறு. சீட்டைக் கழற்றிவிட்டு நான் குனிந்தால் அது சட்டைக்குள்ளிருந்து வெளியே வந்து, பற்றரியின் இரண்டு முனைகளுக்கும் மேலே ஊஞ்சலாடும். இரண்டையும் ஒன்றாகத் தொட்டால் வெல்டிங் மாதிரிப் பொறி பறக்கும். ஆனால் அதைக் கட்டினவரோ பத்தடி தூரத்தில் பிரேக் பிடிக்காத மோட்டார் சைக்கிளில் ஏறி, ஓடிப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று வீதிக்குப் போகிறார். கொடியைக் கழற்றினால் அவருக்கு என்ன ஆகுமோ, கழற்றாவிட்டால் எனக்கு என்ன ஆகுமோ. இந்த இரண்டு பயத்துக்கும் நடுவில் நின்று நாலு வருடம் பற்றரி பார்த்திருக்கிறேன்.

பாரம் பார்க்கிற கை

கொடிகாமத்துச் சந்தையில் மொத்தமாகக் காய்கறி எடுத்து விற்கிற ஒருவருக்குப் பழைய ஈயப் பற்றரியைக் கழற்றிவிட்டு லித்தியம் மாற்றினோம். பழையது மூன்று கிலோவுக்கு மேலே இருக்கும். புதியது ஒரு கிலோவும் இல்லை. அவர் அதை உள்ளங்கையில் வைத்து, பூசணிக்காயைப் பார்ப்பது போல மேலேயும் கீழேயும் ஆட்டினார். “தங்கச்சி, உள்ளுக்கை சாமான் போட மறந்துபோனாங்களோ?” என்று கேட்டார். உள்ளே ஈயமும் இல்லை, அசிற்றும் இல்லை, அதனால்தான் பாரமில்லை என்று சொல்லி, மீற்றரை வைத்துக் காட்டினேன். பதின்மூன்று தசம் மூன்று வோல்ற். நிறைந்திருக்கிறது என்று அர்த்தம். “மீற்றரும் உங்கடை மீற்றர்தானே” என்றார். பூட்டிப் பொத்தானை அமத்தினால் தொட்டவுடன் ஸ்டார்ட் வந்தது. அப்படியும் முகம் தெளியவில்லை, போய்விட்டார்.

அடுத்த நாள் விடியவே திரும்பி வந்து நின்றார். நான் முதலில் மீற்றரைத் தேடி எடுத்தேன். என்ன அண்ணை என்று கேட்டால், பற்றரியைத் தானே கழற்றிச் சந்தைக்குக் கொண்டுபோய், தராசில் வைத்து நாலு வியாபாரிகள் முன்னால் நிறை பார்த்தாராம். “கழட்டேக்கை கறுப்பு வயரை முதல் கழட்டினனீங்களோ, சிவப்பையோ?” என்றேன். “எது முன்னுக்கு வந்துதோ அது” என்றார். கதிரையைக் காட்டி இருக்கச் சொன்னேன். கழற்றும்போது கறுப்பு முதலில், பூட்டும்போது சிவப்பு முதலில். கறுப்பு வயர் வாகனத்தின் இரும்புச் சட்டத்தோடு சேர்ந்தது, அது பூட்டியிருக்கச் சிவப்பைக் கழற்றுகிற ஸ்பனர் சட்டத்தில் முட்டினால் நெருப்புப் பறக்கும் என்று மூன்று தரம் சொல்லி, மூன்று தரம் அவர் வாயாலேயே சொல்ல வைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, வந்த விஷயத்தைச் சொன்னார்:

“லேபிளிலை போட்டிருந்த நிறைக்கு ஒரு கிராமும் குறையேல்லைத் தங்கச்சி. எங்கடை சந்தையிலை உப்பிடி ஒருத்தரும் விக்கிறேல்லை.”

தாகம்

பண்டத்தரிப்பில் இருந்து ஒரு தோட்டக்காரர் வந்தார். வயது எழுபதுக்கு மேலே. ஒரு பையில் லித்தியம் பற்றரி, மற்றப் பையில் பற்றரித் தண்ணீர்ப் போத்தல், பொக்கற்றில் ஒரு சின்னக் கத்தி. “மூடியைக் காணேல்லைப் பிள்ளை” என்றார். பார்த்தால் பற்றரியின் மேற்பக்கத்தைச் சுற்றிவரச் சுரண்டியிருந்தார். இன்னும் கொஞ்சம் அமத்தியிருந்தால் கத்தி உள்ளே இறங்கியிருக்கும். உள்ளே இறங்கினால் என்ன நடக்கும் என்பதை வகுப்பில் படமாகப் போட்டுக் காட்டினார்கள். அந்தப் படத்தை நான் முழுதாகப் பார்க்கவில்லை, கண்ணை மூடிவிட்டேன்.

முதலில் கத்தியைக் கேட்டு வாங்கினேன். பிறகு போத்தலை. பிறகுதான் ஐயாவுக்குக் கதிரை கொடுத்தேன். இதற்கு மூடி இல்லை ஐயா, தண்ணீர் ஊற்றுகிற பற்றரி இல்லை, துளைத்தாலும் குத்தினாலும் நெருப்புப் பிடிக்கும் என்று சொன்னேன். அவருக்கு நம்ப முடியவில்லை. இருபது வருடமாக ஒவ்வொரு மாதமும் பற்றரிக்குத் தண்ணீர் விட்டுப் பழகின கை. ஒரு மாதம் விடாமல் இருந்தது மனதுக்கு ஒரு மாதிரி இருந்ததாம். தேநீர் குடித்து முடியும் வரை யோசித்துவிட்டுச் சொன்னார்:

“தண்ணி கேளாத சாமான் எண்டு முதலே சொல்லியிருந்தா, இதைத் தோட்டத்திலை நட்டிருப்பனே பிள்ளை.”

செப்புத் தகடு

வடமராட்சிக் கரையில் கடலுக்குப் போகிற குடும்பத்து ஆள் ஒருவர், தன்னுடைய மோட்டார் சைக்கிளை ஒரே மாதத்தில் மூன்று தரம் கொண்டுவந்தார். நோய் ஒன்றுதான். நன்றாக ஓடும். வீதியில் ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பினால் செத்துவிடும். சார்ஜரில் போட்டால் உயிர் வரும். லித்தியம் பற்றரிக்கு உள்ளே ஒரு காவல் பலகை இருக்கிறது. ஆபத்து என்று கண்டால் அதுவே கதவைச் சாத்திவிடும். ஏதோ ஒன்றைக் கண்டு அது பயப்படுகிறது என்று மட்டும் எனக்கு விளங்கியது. எதைக் கண்டு என்று விளங்கவில்லை. கறள் பிடித்த முனைகளை எல்லாம் துடைத்தேன், வயர்களை எல்லாம் இழுத்துப் பார்த்தேன்.

மூன்றாவது தரம் தாயையும் ஏற்றிக்கொண்டு வந்தார். நான் இந்த முறை சீட்டை மட்டுமல்ல, பக்க மூடிகளையும் கழற்றி, ரோச் அடித்துப் பார்த்தேன். பற்றரிக்கும் சட்டத்துக்கும் நடுவில் ஒரு செப்புத் தகடு செருகியிருந்தது. கோயிலில் பூசையில் வைத்து எழுதி வாங்கிய தகடு. சுற்றியிருந்த பொலித்தீன் அரைபட்டுக் கிழிந்திருந்தது. தகட்டின் இரண்டு ஓரத்திலும் இரண்டு கறுத்த பொட்டு. பள்ளத்தில் விழும்போதெல்லாம் அது ஒரு பக்கம் சிவப்பு முனையையும் மறுபக்கம் சட்டத்தையும் தொட்டிருக்கிறது.

“ஆர் அம்மா இதை இதுக்குள்ளை வைச்சது?”

“நான்தான். கடல்லை போற பிள்ளை. தரையிலையாவது ஒரு காவல் வேண்டாமே?”

“அம்மா, உது செம்பு. செம்புக்குள்ளாலை கரண்ட் பாயும். கோயில் சாமான் எண்டு பற்றரிக்குத் தெரியாதம்மா” என்றேன். தகட்டைத் துடைத்து, புதுப் பொலித்தீனில் சுற்றி, மகனின் சேர்ட் பொக்கற்றில் வைக்கச் சொன்னேன். அந்த அம்மா தானே அதை அங்கே வைத்துவிட்டார். நான் பற்றரியைத் திரும்பப் பூட்டக் குனிந்தேன். என் கொடி வெளியே விழுந்து ஆடத் தொடங்கியது. அந்த அம்மா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு சொன்னார்:

“எனக்குச் சொன்னது கிடக்கட்டும். உன்ரை கழுத்திலை கிடக்கிறதுக்கு நீ எப்பப் பிள்ளை சொல்லப்போறாய்?”

காவல் காத்த களைப்பு

அன்று முதல் கொடியைச் சட்டையோடு சேர்த்து ஒரு சேப்டி பின் குத்திக்கொண்டு வேலை செய்தேன். இவர் ஒரு நாள் அதைக் கவனித்துவிட்டு, “முந்தி பொன் மட்டும்தான் தொங்கினது. இப்ப இரும்பும் சேந்து தொங்குது” என்று சொல்லிவிட்டுப் போனார். அதற்குப் பிறகு அந்தப் பின்னையும் சேர்த்துத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிற வேலை எனக்கு வந்தது.

அந்த நாட்களில் வந்தவர்தான் கனடாவில் இருக்கிற ஒருவர். வருடத்தில் ஒரு மாதம் ஊருக்கு வருவார், அந்த ஒரு மாதம் ஓடுவதற்கு ஒரு புது மோட்டார் சைக்கிள், அதற்கு லித்தியம் பற்றரி, களவு போகாமல் இருக்க ஒரு அலாரம். பதினொரு மாதம் பூட்டிய வீட்டுக்குள் நின்ற வாகனம் அவர் வந்து இறங்கிய அன்றைக்கு ஒரு முனகலும் முனகவில்லை. மீற்றரை வைத்தேன், எட்டு வோல்ற்கூட இல்லை. பன்னிரண்டுக்குக் கீழே போனாலே எனக்கு முகம் மாறும், எட்டு என்றால் அதைச் சார்ஜரில் போட்டு எழுப்பப் பார்க்கிறதே ஆபத்து. புதியது ஒன்றுதான் போட வேண்டும். அவருக்குக் கோபம். ஒரு எறும்பும் புகாத வீடாம், கரண்டை யார் குடித்தது என்று கேட்டார். அலாரம் இரவு பகலாக விழித்திருந்து, சொட்டுச் சொட்டாகக் குடித்திருக்கிறது என்றேன். திரும்பப் போகும்போது கறுப்பு வயரைக் கழற்றி வைத்துவிட்டுப் போங்கள், வேறொன்றும் வேண்டாம் என்றேன். அவர் அலாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்ப, களவு போகக்கூடாது எண்டு காவல் காத்த களைப்பிலைதான் இது செத்துக் கிடக்குது எண்டுறியள்.”

பணிஸ்

எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி, ஓய்வுபெற்ற தபால் அதிபர் ஒருவர் இருக்கிறார். அவருடைய மோட்டார் சைக்கிளுக்கும் நாங்கள்தான் லித்தியம் போட்டோம். அவரிடம் ஒரு பழைய சார்ஜர் இருக்கிறது. ஈயப் பற்றரிக்கென்று செய்தது. அதில் செத்த பற்றரியை எழுப்புகிறதற்கு ஒரு பொத்தான் உண்டு. அமத்தினால் கரண்டை உதைத்து உதைத்து அனுப்பும். ஈயப் பற்றரிக்கு அது வைத்தியம். லித்தியத்துக்கு அது அடி. பதினான்கு தசம் ஆறு வோல்ற்றுக்கு மேலே அதற்கு ஏறக்கூடாது. ஏறினால் உள்ளே காற்று உண்டாகி வீங்கும். இதை நான் அவருக்கு முதலே சொல்லியிருந்தேன். என்ன செய்வது, சார்ஜர் அவருடையது, நல்ல சார்ஜர்.

ஒருநாள் மத்தியானம் நான் குசினியில் நிற்கிறேன், ஐயா உள்ளே வந்து துவாயில் சுற்றிய ஒன்றை மேசையில் வைத்தார். ஏதோ பலகாரம் என்று நினைத்தேன். விரித்தால் பற்றரி, பேக்கரிப் பணிஸ் மாதிரி பொங்கிப் போய் இருந்தது. தொட்டால் சூடு. நகப்பூச்சு மாதிரி ஒரு இனிப்பு மணம். பக்கத்தில் காஸ் அடுப்பு எரிகிறது!

அடுப்பை நிறுத்தினேன். துவாயோடு பற்றரியைத் தூக்கி நெஞ்சுக்கு முன்னால் பிடித்துக்கொண்டு பின்வளவில் கிடந்த மணல் கும்பிக்கு ஓடினேன். பாதி வழியில்தான் கண்டேன், கொடி பின்னைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து பற்றரிக்கு மேலே அடித்து அடித்து ஆடுகிறது. இரண்டு கையும் பற்றரியில். நிற்கவும் ஏலாது. தலையைக் குனிந்து கொடியை வாயால் கவ்விப் பல்லால் இறுக்கிக்கொண்டு மிச்சத் தூரம் ஓடினேன். பற்றரியை மணலில் வைத்து மேலேயும் மணல் போட்டு மூடிவிட்டு, வாயில் கொடியோடு திரும்பினால், தபால் அதிபர் குசினி வாசலில் நிற்கிறார்.

“பிள்ளை, பற்றரி வீங்கினதுக்கு நீ ஏன் தாலியைக் கடிச்சுக்கொண்டு ஓடுறாய்?”

பயற்றங்கொட்டை அளவு

சேப்டி பின் சரிவரவில்லை. அதற்குப் பிறகு பழைய பருத்திச் சேலை ஒன்றைக் கிழித்துக் கொடிக்கு உறை தைத்தேன், தலையணைக்குத் தைக்கிற மாதிரி நீளமாக. கொடி முழுவதையும் உறைக்குள் விட்டேன். தாலியை மட்டும் மூடவில்லை. தாலியை மூடுவது நல்லதாகப் படவில்லை எனக்கு. அந்த ஒரு அங்குலம்தான் வினை.

பக்கத்துப் பள்ளிக்கூடத்து ரீச்சர் ஒருவர் தன்னுடைய ஸ்கூட்டியைக் கொண்டுவந்திருந்தார். மணி அடிக்கப் பத்து நிமிடம் இருந்தது. ரீச்சர் நேரத்தைப் பார்க்கிறார், நான் அவருடைய முகத்தைப் பார்க்கிறேன், பார்க்க வேண்டியதை ஒருவரும் பார்க்கவில்லை. கறுப்பு வயர் பூட்டியிருந்தது. சிவப்பு முனை தளர்ந்திருந்தது. அவசரத்தில், கறுப்பைக் கழற்றாமலே சிவப்பை இறுக்கக் குனிந்தேன். ஆயிரம் பேருக்குச் சொல்லிக் கொடுத்த ஒழுங்கு, என் கையிலேயே பிழைத்தது. தாலியின் ஒரு ஓரம் சிவப்பு முனையில் விழுந்தது, மற்ற ஓரம் சட்டத்தில் முட்டியது.

‘படக்’ என்று ஒரு சத்தம். நீல வெளிச்சம். நான் பின்னால் போய் நிலத்தில் இருந்தேன். நெஞ்சில் ஒரு இடம் சுரீரென்று சுட்டது. டயர் கழற்றிக்கொண்டிருந்த இவர் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். எனக்கு அவருடைய முகத்தைக் கண்டதும்தான் பயம் பிடித்தது. அவருடைய கையைப் பிடித்தேன், தலையைத் தடவினேன், தோளைத் தடவினேன்.

“உங்களுக்கு ஒண்டுமில்லையே? எங்கையும் நோகுதே?”

“எனக்கு என்னப்பா? நான் அங்காலை நிண்டனான். உன்ரை சட்டையெல்லே புகையுது!”

ரீச்சர் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றினார். நெஞ்சில் பயற்றங்கொட்டை அளவில் ஒரு தழும்பு, இப்போதும் இருக்கிறது. தாலியின் ஓரத்தில் ஊசிமுனை அளவு உருகிக் கறுத்திருந்தது. பற்றரியைக் கழற்றி மணலில் வைத்தோம். மீற்றரில் சரியாகக் காட்டினாலும், ஒருமுறை அப்படிப் பொறி பறந்ததைத் திரும்பச் சீட்டுக்குக் கீழே பூட்ட என் கை போகாது. ரீச்சருக்கு வேறொன்று போட்டுக் கொடுத்தோம். மணி அடித்து அரை மணித்தியாலம் ஆகியிருந்தது. ஸ்கூட்டியில் ஏறும்போது அவர் கேட்டார்:

“அக்கா, சுட்டது உங்களுக்கு. நீங்கள் ஏன் அண்ணையைத் தடவித் தடவிப் பாத்தனீங்கள்?”

வெள்ளிக்கிழமை

அன்று பின்னேரம் கராஜைப் பூட்டிவிட்டு இவர் என் முன்னால் கதிரையைப் போட்டு இருந்தார். கதிரையில் இருக்காத மனிதர் இருந்தால் விஷயம் பெரிது.

“நாளையிலையிருந்து ஒண்டு கொடியைக் கழட்டு, இல்லையெண்டா பற்றரியைத் தொடாதை.”

“பற்றரி நான் பாக்காட்டி ஆர் பாக்கிறது? நீங்களே? உங்களுக்குக் கறுப்பும் சிவப்பும் ஒண்டுதானே.”

“அப்ப கொடியைக் கழட்டு.”

“கழட்டேலாது.”

“ஏன்?”

சொல்ல வெட்கமாக இருந்தது. நாலு வருடமாக மனதுக்குள் வைத்திருந்ததை அன்றுதான் வாய்விட்டுச் சொன்னேன். “கழட்டின நேரம் பாத்து உங்களுக்கு ஏதும் நடந்தா நான் என்ன செய்யிறது?”

இவர் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எழும்பிப் போயிருப்பேன். “எனக்கு என்ன நடக்கப் போகுது?” என்று மெல்லமாகக் கேட்டார்.

“என்ன நடக்கப் போகுதோ? நேற்றும் பிரேக் இல்லாததை எடுத்துக்கொண்டு ஸ்டேசனடி வரைக்கும் ஓடினனீங்கள். தலையிலை ஒரு ஹெல்மெற் இல்லை. கேட்டா, கிட்டத்தானே எண்டுறியள். பெரிய வீதியிலை பஸ் வாற வேகம் உங்களுக்குத் தெரியாதே? இந்தக் கொடியை விட்டா உங்களை வேறை என்ன காக்குது, சொல்லுங்கோ பாப்பம்!”

இவர் எழும்பிக் கராஜுக்குள் போய், எந்தக் காலத்திலோ வாங்கி ராக்கையில் போட்டிருந்த ஹெல்மெற்றை எடுத்து, உள்ளே இருந்த சிலந்திக்கூட்டைத் தட்டிவிட்டுத் தலையில் போட்டுக்கொண்டு வந்து நின்றார்.

“இது உன்ரை கொடியின்ரை வேலையைச் செய்யுமோ?”

“வாரைக் கொழுவினாத்தான் செய்யும்” என்றேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை காலை சாமிப் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் துண்டைக் கோத்து இவர் என் கழுத்தில் கட்டினார். அது கட்டி முடிந்த பிறகுதான் கொடியைக் கழற்ற விட்டேன். கழுத்து ஒரு நொடியும் வெறுமையாக இருக்கக்கூடாது என்று சொல்லியிருந்தேன். கயிறு குட்டை, தொண்டைக்குழியோடு நிற்கும், எவ்வளவு குனிந்தாலும் தொங்காது. கட்டுவதற்கு முதல் மஞ்சள் துண்டுக்கு மீற்றர் வைத்தும் பார்த்தேன். பச்சை மஞ்சளில் மீற்றரில் இலக்கம் கொஞ்சம் அசைந்தது, கரண்ட் பாயும். அதனால்தான் இரண்டு நாள் வெயிலில் காயப் போட்டு, அசையாமல் நின்ற பிறகு வெள்ளிக்கிழமை கட்டியது. கொடி இப்போது அலுமாரியில். கோயிலுக்கும் கலியாண வீட்டுக்கும் போகும்போது போட்டுக்கொள்கிறேன்.

இதற்குள் ஒழுங்கை முழுவதும் ஒரு கதை. கழுத்தில் கொடியைக் காணாவிட்டால் நம்முடைய சனத்துக்கு ஒரு காரணம்தான் தெரியும். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. ஆனால் எல்லோரும் என்னோடு மெதுவாகக் கதைக்கத் தொடங்கினார்கள். ஒரு நாள் தபால் அதிபரின் மனுசி பெரிய பாத்திரத்தில் புட்டும், அதற்கு மேலே நாலு பொரித்த மீனும் கொண்டுவந்து தந்தார். பற்றரிக்காகத்தான் கழற்றினேன் அக்கா என்று எவ்வளவோ சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கு உதெல்லாம் சொல்ல வேண்டாம் பிள்ளை. என்ரை கொடியும் ரெண்டு தரம் வங்கிக்குப் போய்த் திரும்பி வந்ததுதான்.”

ஆக, இவ்வளவு காலப் பற்றரி வேலையில் நான் எனக்கென்று செய்துகொண்ட பாதுகாப்பு, என் கழுத்தில் ஒரு மஞ்சள் கயிறும் அவருடைய தாடைக்குக் கீழே ஒரு ஹெல்மெற் வாரும்தான். இரண்டும் இறுக்கமாக இருக்கிறதா என்று காலையில் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறேன்.